டிக்கெட் ஒன்று, பட்டியல் இரண்டு

வணக்கம் நேயர்களே. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போய் வந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். நியூயார்க் வரைக்கும் பெரிய விமானம். அங்கிருந்து பிள்ளை குடியிருக்கும் ஊருக்கு ஒரு சின்ன விமானம். இந்தப் பக்கம் இரண்டு இருக்கை, அந்தப் பக்கம் இரண்டு. கைப்பெட்டி மேலே நுழையாது, ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். உடம்பில் டெல்டா என்றோ யுனைடெட் என்றோ பெரிதாக எழுதியிருக்கும், டிக்கெட்டிலும் அதே பெயர்தான். ஆனால் கதவுப் பக்கம் கூர்ந்து பார்த்தால், இன்ன நிறுவனம் இயக்குகிறது என்று சின்ன எழுத்தில் வேறொரு பெயர் இருக்கும். அந்தச் சின்ன எழுத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

நான் விமானி இல்லை. அப்படி ஒரு சின்ன நிறுவனத்தில், எந்த விமானி எந்த விமானத்துக்கு என்று அட்டவணை போடும் பிரிவில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தவன். விமானிகளின் சண்டையெல்லாம் கடைசியில் எங்கள் தொலைபேசிக்குத்தான் வரும்.

பெரிய நிறுவனத்தை அங்கே மெயின்லைன் என்பார்கள், சின்னதை ரீஜனல். நம்மூரில் ஒரே தொழிற்சாலை வாசலில் நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் ஒரே நிறச் சட்டையில் நுழைகிறார்களே, அதே ஏற்பாடு. டிக்கெட் விற்பது, விலை வைப்பது, நேரம் குறிப்பது எல்லாம் பெரியவர். ஓட்டிக் கொடுப்பதற்குக் கூலி வாங்குவது சின்னவர். ஏதோ மூலையில் நடக்கிற சங்கதி என்று நினைக்க வேண்டாம். 2009 வாக்கில் அமெரிக்காவின் உள்நாட்டு விமானப் புறப்பாடுகளில் ஏறக்குறைய பாதி இப்படித்தான் நடந்தது.

சரி, சண்டை எதற்கு? சீனியாரிட்டி எண்ணுக்கு. இதை நான் இரண்டு மூன்று தடவை சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விமானிக்கு எல்லாமே அந்த எண்தான். எந்த ஊரில் வேலை, எந்த விமானம், கிறிஸ்துமஸ் அன்று வீட்டிலா ஆகாயத்திலா, எப்போது கேப்டன் ஆவது, எல்லாவற்றையும் அந்த எண் முடிவு செய்யும். வேலைக்குச் சேர்ந்த தேதியிலிருந்து வரும் எண் அது. கம்பெனி மாறினால் கூட வராது. இருபது வருஷம் ஓட்டிய கேப்டன் வேறு நிறுவனத்துக்குப் போனால், நேற்றுச் சேர்ந்த பையனுக்கும் கீழே நிற்க வேண்டும். தொழில் படுத்தால் இந்த எண் வரிசைப் பட்டியலின் அடியிலிருந்து ஆட்களை வீட்டுக்கு அனுப்புவார்கள். அதற்கு ஃபர்லோ என்று பெயர். சம்பளம் கிடையாது. ஆனால் எண் இருக்கும். நிலைமை சரியானால் அதே வரிசையில் திரும்பக் கூப்பிட வேண்டும்.

அப்புறம் ஸ்கோப் என்று ஒரு விதி. மெயின்லைன் விமானிகளின் ஒப்பந்தத்தில் இருப்பது. இத்தனை இருக்கைக்கு மேலே உள்ள விமானத்தை வெளியாரிடம் கொடுக்கக் கூடாது என்று நிறுவனத்தைக் கட்டுவது. 1993-ல் சின்சினாட்டியில் இருந்த காம்ஏர் என்ற நிறுவனம் ஐம்பது பேர் உட்காரும் ஜெட்டை அமெரிக்காவில் முதலில் ஓட்டத் தொடங்கியது. ‘இந்தச் சின்ன ஜெட்டை நாம் எதற்கு ஓட்ட வேண்டும், அதுவும் அந்தச் சம்பளத்துக்கு’ என்றுதான் மெயின்லைன் விமானிகள் பலரும் அப்போது நினைத்தார்கள். ஐம்பது இருக்கையை விட்டுக்கொடுத்தார்கள். பிறகு நிறுவனம் கஷ்டம் என்று சொன்னபோதெல்லாம் எழுபது, கடைசியில் எழுபத்தாறு. பேச்சு வார்த்தை மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் காப்பாற்ற, இன்னும் வேலைக்கே வராதவனின் இருக்கையை விற்றார்கள் என்பது என் கட்சி. மெயின்லைன் நண்பர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். திவால் நீதிமன்றத்தில் கழுத்தைப் பிடித்துக் கையெழுத்து வாங்கினார்கள் என்பார்கள். அதிலும் உண்மை இருக்கிறது.

காம்ஏரை டெல்டா வாங்கியதும் அதன் விமானிகள், எஜமானர் ஒருவர்தானே, பட்டியலும் ஒன்றாக இருக்கட்டும் என்று கேட்டார்கள். விமானிகள் சங்கம் மறுத்தது. டெல்டா விமானிகளுக்கும் இவர்களுக்கும் ஒரே சங்கம்தான், அதைக் கவனியுங்கள். சந்தா வாங்கும்போது ஒரே குடும்பம், எண் கேட்கும்போது நீ யாரோ! ரீஜனல் விமானிகள் சிலர் சொந்தச் சங்கத்தின் மேலேயே வழக்குப் போட்டார்கள். 2001-ல் காம்ஏர் விமானிகள் 89 நாள் வேலைநிறுத்தமும் செய்தார்கள்.

அந்த வருஷம் செப்டம்பர் 11. ஆயிரக்கணக்கான மெயின்லைன் விமானிகள் ஃபர்லோவில் வீட்டுக்குப் போனார்கள். வேலை தேடி ரீஜனலுக்கு வந்தால், முதலில் உன் பழைய எண்ணை ராஜினாமா செய் என்று பல நிறுவனங்கள் கேட்டன. கூப்பிட்டதும் ஓடிப் போகிறவனுக்கு ஏன் செலவழித்துப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. யுஎஸ் ஏர்வேஸ் வேறு வழி பிடித்தது. ஜெட்ஸ் ஃபார் ஜாப்ஸ் என்று ஓர் உடன்பாடு. ரீஜனலுக்குப் புதிய ஜெட் வேண்டுமா, அதில் பாதி விமானி இடங்களை எங்கள் ஃபர்லோ ஆட்களுக்குக் கொடு. அமெரிக்கன் நிறுவனத்திலும் ஃபர்லோ ஆனவர்கள் அதன் ரீஜனலான ஈகிளுக்கு வந்து கேப்டன் இருக்கையில் உட்காரலாம் என்று ஒப்பந்தம் இருந்தது.

நான் இருந்த இடத்திலும் இதே மாதிரி ஓர் ஏற்பாடு வந்தது. ஒரு ராத்திரி துணை விமானி ஒருவர் போன் செய்தார். முப்பது வயது இருக்கும். அடுத்த கேப்டன் பயிற்சி வகுப்பில் தன் பெயர் இருக்கிறதா என்று கேட்டார். அந்தச் சம்பளத்தை நம்பி வீட்டுக்கு முன்பணம் கட்டியிருந்தார். பட்டியலைத் திறந்தேன். பாதிப் பெயர்கள் நான் கேள்விப்பட்டதே இல்லை. அவர் பெயர் இல்லை. “யார் சார் இவங்கல்லாம்?” என்கிற மாதிரி ஆங்கிலத்தில் கேட்டார். நான் என்ன சொல்ல?

அந்தப் பெயர்களில் ஒருவரைப் பிறகு ஓய்வறையில் பார்த்தேன். ஐம்பதை நெருங்கியவர். பெரிய போயிங் ஓட்டியவர், ஐம்பது இருக்கை விமானத்தின் கையேட்டை மடியில் வைத்துக் கோடு போட்டுப் படித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பட்டை மட்டும் பழைய கம்பெனியுடையது. எங்கள் பையன்களுக்கு அந்தப் பட்டைதான் கண்ணை உறுத்தும். எங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டு, எங்கள் பெயரை மாட்டிக்கொள்ளக் கூடவா மனசில்லை என்பார்கள். அவருக்கோ பழைய சம்பளத்தில் பாதி கூட இல்லை, கல்லூரியில் மகள்.

இந்த இரண்டு பேரையும் கணினி ஒரு தடவை ஜோடி சேர்த்துவிட்டது. மூன்று நாள் பயணம். செக்லிஸ்ட் தவிர ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை என்று கூடப் போன விமானப் பணிப்பெண் சொன்னார். மூன்றாம் நாள் இரவு இளையவர் கூப்பிட்டு, இனிமேல் அவரோடு போடாதீர்கள் என்றார். கால் மணி நேரம் கழித்து மூத்தவரும் கூப்பிட்டு அதையே கேட்டார். இரண்டு பேரிடமும் ஒரே பதில்தான் சொன்னேன். அட்டவணையும் சீனியாரிட்டிப்படிதான் வரும், நான் ஒன்றும் செய்ய முடியாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். நேரம் குறைவாக இருக்கிறது, வேகமாகச் சொல்கிறேன்.

2009 பிப்ரவரியில் நியூவர்க்கிலிருந்து பஃபலோ போன விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்து 50 பேர் இறந்தார்கள். டிக்கெட்டில் கான்டினென்டல், ஓட்டியது கோல்கன் என்ற ரீஜனல். துணை விமானிக்கு வருஷம் சுமார் 16,000 டாலர்தான் சம்பளம் என்பது விசாரணையில் வெளிவந்து ஊரே அதிர்ந்தது. சியாட்டிலில் பெற்றோர் வீட்டிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக நாட்டைக் கடந்து வேலைக்கு வந்திருந்தார். இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் அலைந்து சட்டம் கொண்டுவந்தார்கள். 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேர அனுபவம் வேண்டும். அதற்கு முன் 250 போதும். இதில் ஒன்று: அந்த விமானத்தை ஓட்டிய இருவருக்குமே 1,500-க்கு மேல் இருந்தது.

ஆனால் அந்த விதியால் ரீஜனலுக்கு ஆள் கிடைப்பது கஷ்டமாயிற்று. 2020-ல் கொரோனா வந்து மறுபடி ஃபர்லோ. காம்பஸ், டிரான்ஸ் ஸ்டேட்ஸ் என்று ரீஜனல்கள் மூடியே போயின, அந்த விமானிகளின் எண்களும் அதோடு சரி. இரண்டே வருஷத்தில் மெயின்லைன் ஆளுக்குப் பறந்து, ரீஜனல் விமானிகளை அள்ளிக்கொண்டது. 2022 ஜூனில் அமெரிக்கனின் சொந்த ரீஜனல்கள் புதுத் துணை விமானிக்கே மணிக்கு 90 டாலர் என்று அறிவித்தன. சங்கம் இத்தனை வருஷம் கேட்டும் கிடைக்காதது, ஆள் பஞ்சம் வந்ததும் கிடைத்தது. பட்டியல் மட்டும் இன்னும் இரண்டுதான்.

நம் நாட்டு அலையன்ஸ் ஏர் பற்றியும் குறிப்பு எடுத்து வந்தேன். நேரமில்லை, நிலையத்தார் இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். வணக்கம்.