நோட்டுக்கு எத்தனை மணி நேரம் சார்ஜ் போட வேண்டும்?

நடுவர் அவர்களே, எதிரணிப் பெரியோர்களே, முன்வரிசையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிமார்களே, எல்லோருக்கும் மாலை வணக்கம். சுண்டல் வருவதற்கு முன்னால் என்னைப் பேசக் கூப்பிட்டதற்கு நடுவருக்கு முதல் நன்றி. சுண்டல் வந்த பிறகு பேசியவர்களின் கதியைப் போன வருஷம் பார்த்தேன்.

‘அறிவியல் செய்திகளைக் கேலியும் கிண்டலுமாகப் பேசுவது அறிவியலை வளர்க்கிறதா, மலிவாக்குகிறதா?’ வளர்க்கிறது என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய இயற்பியல் ஆசிரியை அம்மா மூன்று குற்றச்சாட்டு வைத்தார். மீம் மனதில் நிற்கிறது, பாடம் நிற்பதில்லை என்றார். ராக்கெட் கனவு கண்ட விஞ்ஞானியைப் பத்திரிகை கேலி செய்து நோகடித்தது என்றார். எவனோ இணையத்தில் விளையாட்டாக எழுதியதை நம்பி, கூகுளின் செயற்கை நுண்ணறிவு பிட்சாவில் பசை கலக்கச் சொன்னது என்றார். மூன்றுக்கும் வருகிறேன். பேசி முடிக்கும்வரை அம்மா ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை, கவனித்தீர்களா? கொள்கையில் உறுதியானவர்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஒரு செய்தி அனுப்புவார். ‘இன்று இரவு 12.30 முதல் 3.30 வரை பூமிக்கு அருகே காஸ்மிக் கதிர்கள் கடந்து செல்கின்றன. செல்போனை அணைத்துத் தள்ளி வைக்கவும். நாசா எச்சரிக்கை.’ வருஷத்துக்கு இரண்டு தடவையாவது அந்தக் கதிர் எங்கள் குழுவைக் கடந்து செல்லும். அந்தச் செய்தியில் கேலி உண்டா? ஒரு சொட்டு கிடையாது. அவ்வளவு பொறுப்பு, அவ்வளவு அக்கறை. வீட்டில் நாலு பேர் போனை அணைத்தார்கள். பிளஸ் டூ படிக்கிற என் தங்கை மகன் மட்டும் கீழே ஒரு வரி போட்டான்: ‘தாத்தா, 12.30 நம்ம ஊர் டைமா, கதிர் கிளம்பின ஊர் டைமா?’

குழுவே சிரித்தது. பெரியப்பா நாலு நாள் யாருடனும் பேசவில்லை. ஆனால் அடுத்த தடவை அதே செய்தி வந்தபோது ஒருவரும் போனை அணைக்கவில்லை. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் எந்நேரமும் நம் தலையில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது, அதற்கு ராகுகாலம் எமகண்டம் எதுவும் கிடையாது என்று நான் மூன்று பத்தி எழுதிப் போட்டிருந்தேன். அதை எவரும் படிக்கவில்லை. பையனுடைய ஒரு வரி வேலை செய்தது.

இன்னொன்று. 2016 நவம்பர், புது 2000 ரூபாய் நோட்டு. அதற்குள் நானோ ஜிபிஎஸ் சிப் இருக்கிறது, 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் செயற்கைக்கோள் கண்டுபிடித்துவிடும் என்று கிளப்பிவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் மட்டுமல்ல ஐயா, கோட்டு சூட்டு போட்டவர்கள் தொலைக்காட்சியில் படம் போட்டு விளக்கினார்கள். அப்படி எதுவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி மறுக்க வேண்டிவந்தது. அந்த வாரம் எங்கள் தெருக் கடையில் பொறியியல் படித்த நாங்கள் நாலு பேர் இதை மும்முரமாக அலசிக்கொண்டிருந்தோம். கல்லில் பரோட்டா புரட்டிக்கொண்டிருந்த மாஸ்டர் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: ‘ஏண்ணே, நோட்டுக்கு எத்தனை மணி நேரம் சார்ஜ் போடணும்?’

நாலு பட்டதாரிகளும் வாயை மூடினோம். அதுதானே கேள்வி! ஜிபிஎஸ் சிப் என்பது செயற்கைக்கோள் அனுப்பும் சிக்னலைக் கேட்டு, தான் எங்கே இருக்கிறோம் என்று தனக்குத்தானே கணக்குப் போட்டுக்கொள்ளும் ஒரு பொருள். அதை வேறொருவருக்குச் சொல்ல தனியாக ஒரு டிரான்ஸ்மிட்டர் வேண்டும். இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். பாதாள பார்க்கிங்கில் வண்டியை இறக்கினாலே போனில் மேப் திணறுகிறது, 120 மீட்டர் மண்ணுக்கடியில் எதைக் கேட்கும்? இவ்வளவும் அந்த ஒற்றைக் கிண்டலுக்குள் இருந்தது. இயற்பியலை மலிவாக்கியது யார் நடுவர் அவர்களே, பரோட்டா மாஸ்டரா, கோட்டுப் போட்டவரா?

அடுத்து, மீம் நிற்கிறது, பாடம் நிற்பதில்லை என்ற புகார். இப்போது ஒரு ஜோக் சொல்கிறேன். அதில் வரும் நியூட்ரினோ, எதையும் ஊடுருவிப் போகும் ஒரு நுண்துகள். வெளிநாட்டில் இதை மதுக்கடையில் நடப்பதாகச் சொல்வார்கள். கோயில் வாசலில் நிற்கிறோம், டீக்கடை என்று வைத்துக்கொள்வோம். ‘ஒளியைவிட வேகமாக ஓடுகிறவர்களுக்கு இங்கே டீ கிடையாது’ என்றார் மாஸ்டர். ஒரு நியூட்ரினோ டீக்கடைக்குள் நுழைந்தது.

ம்... மூன்றாவது வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார். பின்னால் இரண்டு பேர். இப்போது பரவுகிறது. அந்த மூன்று விநாடி தாமதம் இருக்கிறதே, அதில்தான் பாடம் நடந்தது. நுழைவதற்கு முன்னாலேயே பதில் வந்துவிட்டது; ஒளியை மிஞ்சி ஒரு செய்தி ஓட முடியுமானால், ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கைப்படி காரணத்துக்கு முன்னால் காரியம் நடக்க இடம் வந்துவிடும். இது பிடிபடாமல் அந்த ஜோக்குக்குச் சிரிக்கவே முடியாது.

இந்த ஜோக் உலகம் பூரா சுற்றியது 2011 செப்டம்பரில். ஜெனிவா பக்கத்தில் செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோ சுரங்க ஆய்வகத்துக்கு, சுமார் 730 கிலோமீட்டர், பூமிக்குள்ளேயே பாய்ந்த நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60 நானோ விநாடி முன்னால் வந்துவிட்டதாக ஓபரா ஆய்வுக்குழு அறிவித்தது. (நியூட்ரினோ என்றால் நமக்குத் தேனி பொட்டிபுரம் ஆய்வகத் திட்டம் ஞாபகம் வரும். அது தனிப் பட்டிமன்றம், இன்றைக்கு வேண்டாம்.) ஐன்ஸ்டைன் தவறா என்று தலைப்புகள் பறந்தன. சில மாதம் கழித்துப் பார்த்தால், முக்கியமான கோளாறு, ஜிபிஎஸ் கருவியோடு இணைத்த கண்ணாடி இழைக் கேபிள் ஒன்று சரியாகச் செருகப்படவில்லை! நம் வீட்டில் டிவி தெரியாவிட்டால் அம்மா முதலில் என்ன சொல்வார்? ‘ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகுடா.’

அணு அளவில் நடப்பதைச் சொல்லும் குவாண்டம் இயற்பியலில் என்ன நினைவிருக்கிறது என்று யாரைக் கேட்டாலும் பூனை என்பார்கள். பெட்டிக்குள் ஒரே நேரத்தில் உயிரோடும் செத்தும் இருக்கும் பூனை. 1935ல் இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் அதை எழுதியதே ஒரு நக்கலுக்குத்தான். பார்க்கும்வரை துகள் ஒரே நேரத்தில் இரண்டு நிலையிலும் இருக்கும் என்று நீங்கள் சொல்லும் விளக்கத்தை அப்படியே நம்பினால் பூனை கதி என்ன ஆகும் பாருங்கள் என்று சக விஞ்ஞானிகளைச் சீண்டினார். கிண்டலே பாடப்புத்தகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அம்மாவும் வகுப்பில் அதைத்தானே நடத்துகிறீர்கள்?

மங்கள்யான் கதைக்கு வருகிறேன், இது எனக்கு ரொம்பப் பிடித்தது. 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. செலவு 450 கோடி ரூபாய். நாலு நாள் கழித்து நியூயார்க்கில் பேசிய பிரதமர் மோடி, அகமதாபாத்தில் ஆட்டோவுக்குக் கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய், நாங்கள் செவ்வாய்க்கு ஏழு ரூபாயில் போனோம் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். மாலையில் நான் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். அங்கே இதைச் சொன்னேன். வகுப்பே ஆட்டோ ஸ்டாண்டு ஆகிவிட்டது. ‘மீட்டர் போட்டாங்களா சார்?’ என்றான் ஒருவன். ‘ரிட்டர்ன் காலியா வரணும்னு டபுளா கேட்டிருப்பாங்க’ என்றான் இன்னொருவன். சரி, கணக்குப் போடுங்கள் என்றேன். 450 கோடியை ஏழால் வகுத்தால் 64 கோடி கிலோமீட்டர் சொச்சம். அப்போது ஒரு பெண் எழுந்து, ‘சார், செவ்வாய் ரொம்பக் கிட்ட வரும்போது அஞ்சரை கோடி கிலோமீட்டர்தானே? ஆட்டோக்காரர் ஊரைச் சுத்திக் காட்டிட்டாரா?’ என்றாள்.

சுற்றித்தான் காட்டினார்! பூமி ஓடிக்கொண்டிருக்கிறது, செவ்வாயும் ஓடிக்கொண்டிருக்கிறது. நேர்கோட்டில் கிழித்துக்கொண்டு போக வேண்டுமானால் சுமந்து செல்ல முடியாத அளவு எரிபொருள் வேண்டும். அதனால் பூமி ஏற்கெனவே ஓடும் வேகத்தோடு கொஞ்சம் வேகம் சேர்த்துக்கொண்டு, சூரியனைச் சுற்றும் ஒரு நீள்வட்டத்தில் ஏறி, கிட்டத்தட்ட 300 நாள் கழித்துச் செவ்வாய் வந்து நிற்கப்போகும் இடத்தில் போய்ப் பிடிக்க வேண்டும். நம்ம ஊரில் சுற்றினால் பெட்ரோல் கூடும், அங்கே சுற்றினால்தான் மிச்சம். அன்றைக்கு நடத்த வேண்டியது நிலநடுக்கோடும் அட்சரேகையும். ஒரு ஆட்டோ எங்களைச் சுற்றுப்பாதை வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. பாடத்திட்டம் கெட்டது, ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது குற்றச்சாட்டு, ராக்கெட் விஞ்ஞானி. அம்மா சொன்னது ராபர்ட் காடர்டின் கதை. 1920 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் எழுதியது: வெற்றிடத்தில் ராக்கெட் எதைத் தள்ளிக்கொண்டு போகும், பள்ளிக்கூடப் பாடம்கூட இவருக்குத் தெரியவில்லையே என்ற தொனியில். ராக்கெட் காற்றைத் தள்ளிக்கொண்டு போவதில்லை. தன் வாயுவைப் பின்னால் வீசித் தான் முன்னால் போகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. பாடம் தெரியாதது பத்திரிகைக்குத்தான். 1969 ஜூலை 17, அப்பல்லோ 11 நிலவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது வருத்தம் தெரிவித்துத் திருத்தம் போட்டார்கள். 49 வருஷம். காடர்ட் 1945லேயே காலமாகிவிட்டார். இந்த இடத்தில் அம்மாவுக்கு மார்க் போட்டுவிடுங்கள் நடுவர் அவர்களே, நான் வழக்காட மாட்டேன். அந்தக் கேலி ஒரு மனிதரைப் புண்படுத்தியது.

ஆனால் ஒன்றைப் பாருங்கள். பரோட்டா மாஸ்டர் கேட்டது கேள்வி. அந்தத் தலையங்கம் கேள்வி கேட்கவில்லை, தீர்ப்பு எழுதியது. அதே பத்திரிகை 2014ல் மங்கள்யான் போனபோது ஒரு கேலிச்சித்திரம் போட்டது. உயர்குடி விண்வெளிக் கிளப்பின் கதவை மாட்டோடு வந்த விவசாயி தட்டுகிறார், உள்ளே கனவான்கள். எதிர்ப்புக் கிளம்பியது, சில நாளிலேயே வருத்தம் தெரிவித்தார்கள். 49 வருஷம் எங்கே, சில நாள் எங்கே! இதையும் வளர்ச்சிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

பிட்சாவில் பசை 2024 மே மாதச் சங்கதி. அதற்கு நீண்ட பதில் தேவையில்லை. பல வருஷத்துக்கு முன் எவரோ எழுதிய விளையாட்டுப் பேச்சை இயந்திரம் சமையல் குறிப்பு என்று எடுத்துக்கொண்டது. அதற்குச் சிரிக்கத் தெரிந்திருந்தால் எடுத்திருக்காது. எதிரணி கேட்பது நாமும் அப்படி ஆகிவிட வேண்டும் என்றா?

இப்போது ஆஸ்திரேலியாவுக்கு வாருங்கள். பார்க்ஸ் என்ற ஊரில் 64 மீட்டர் அகலத் தட்டு வைத்த ரேடியோ தொலைநோக்கி. 1998லிருந்து அதில் அவ்வப்போது விசித்திரமான சிக்னல் வந்தது. விண்வெளியிலிருந்து வருவது போலவே இருக்கும், ஆனால் பக்கத்திலிருந்து வருவது போலவும் இருக்கும். பெரும்பாலும் வேலை நேரத்தில்தான் வரும்! 2015ல் பிடித்தார்கள். அங்கே சமையலறையில் இருந்த மைக்ரோவேவ் அடுப்பு. டிங் சத்தம் வருவதற்கு முன்னாலேயே யாரோ கதவை இழுத்துத் திறக்கும்போது, உள்ளே அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் அணையும் அந்தக் கணத்தில் ஒரு துளி அலை வெளியே கசிந்திருக்கிறது. இதை என் அம்மாவிடம் சொன்னேன். ‘ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கலையாக்கும்’ என்றார். பழமொழிக்கு வானியல் சாட்சி!

சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது. அதே தொலைநோக்கியின் பதிவுகளில்தான் அதிவேக ரேடியோ வெடிப்பு என்ற, கண் இமைக்கும் நேரத்துக்குள் வந்து மறையும் ஒரு ரேடியோ துடிப்பைக் கண்டதாக 2007ல் அறிவித்திருந்தார்கள். அதுவும் இப்படி ஏதாவது அடுப்புச் சமாச்சாரமோ என்று சந்தேகம் இருந்தது. அடுப்பின் முகம் தெரிந்த பிறகு, இது அடுப்பு, அது வேறு என்று பிரித்துச் சொல்ல முடிந்தது. அந்த வெடிப்புகள் நிஜமாகவே நம் பால்வீதிக்கு வெளியிலிருந்து வந்தவை.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். பரவாயில்லை. அமெரிக்காவில் 1991ல் ‘இக் நோபல்’ என்று ஒரு பரிசைத் தொடங்கினார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கு. அங்கே பேச்சு நீண்டால் மணி கிடையாது. ஒரு சின்னப் பெண் மேடைக்கு வந்து, ‘போதும் நிறுத்துங்கள், எனக்குப் போரடிக்கிறது’ என்று விடாமல் சொல்லும். நம் நடுவர் எவ்வளவோ தேவலை.

2002ல் அந்தப் பரிசு கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் இரண்டு ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது. யானையின் மொத்த உடற்பரப்பு எவ்வளவு என்று கணக்கிட்டதற்கு. யானைக்குச் சட்டை தைக்கப் போகிறார்களா என்று சிரிக்கலாம். யானையின் உடம்பிலிருந்து வெப்பம் எவ்வளவு வெளியேறும் என்று தெரிய அந்தப் பரப்பு வேண்டும். முழு யானையையும் இஞ்சுடேப் வைத்து அளக்க அது நிற்குமா? தோள் உயரமும் முன்பாதச் சுற்றளவும் தெரிந்தால் போதும் என்று சூத்திரம் தந்தார்கள். பாதச் சுற்றளவைப் போல இரண்டு மடங்கு யானையின் உயரம் என்று பாகன்கள் ஏற்கெனவே சொல்வார்கள்.

காந்தப் புலத்தில் உயிருள்ள தவளையை அந்தரத்தில் மிதக்கவிட்டதற்காக 2000ல் இக் நோபல் வாங்கியவர்களில் ஒருவர் ஆந்த்ரே கெய்ம். அவரே 2010ல் கிராஃபீன் என்ற மெல்லிய கரிப் படலத்துக்காக நிஜ நோபல் வாங்கினார். பென்சில் கரியில் செலோ டேப்பை ஒட்டி ஒட்டி உரித்து ஓர் அணு தடிமனுக்குக் கொண்டுவந்த வேலை அது. அவ்வளவு ஏன், அந்த விழாவில் பார்வையாளர்கள் மேடையை நோக்கிக் காகித விமானம் வீசுவார்கள். அதைப் பல வருஷம் துடைப்பத்தோடு நின்று கூட்டித் தள்ளியவர் ஹார்வர்டு பேராசிரியர் ராய் கிளாபர். 2005ல் அவருக்கும் இயற்பியல் நோபல்.

மணி அடித்தாயிற்று. தம்பிமார்களே, கையில் இருக்கும் அழைப்பிதழை மடித்து வீசுவதாக இருந்தால் இப்போதே வீசிவிடுங்கள். துடைப்பத்தை எதிரணி அம்மாவிடம் நானே கொடுக்கிறேன், அவருக்கு நோபல் கிடைத்தால் எனக்கும் பெருமைதான். நன்றி, வணக்கம்.