கன அடியில் தொடங்கும் பயணம்

வணக்கம், நேயர்களே.

ஒகேனக்கலுக்கு நீர்வரத்து விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி, பரிசல் இயக்கத் தடை நீடிப்பு. ஆடி மாதம் வந்துவிட்டால் செய்தியில் இதை அடிக்கடி கேட்கிறோம். சென்னையில் இருக்கும் நமக்கு, மேட்டூர் எப்போது நிரம்பும் என்ற பேச்சோடு அது முடிந்துவிடும். பாறைகளுக்கு நடுவே நுரை தள்ளிக்கொண்டு ஓடும் ஆற்றில் கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகையோ ராஃப்ட் என்ற காற்றடைத்த ரப்பர் படகையோ இறக்க நினைப்பவர்களுக்கு எல்லாத் திட்டமும் அந்தக் கன அடியில்தான் தொடங்குகிறது.

ஒரு கன அடி என்பது சுமார் 28.3 லிட்டர். 10,000 கன அடி என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 283 டன் தண்ணீர். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உங்கள் உடம்பைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. அதனால்தான் ஜனவரியில் பார்த்த ஆற்றை ஜூலையில் அடையாளம் தெரியாது.

படகு விடுவது எவ்வளவு கடினம் என்பதைப் பொறுத்து ஆறுகளை 1 முதல் 6 வரை வகுப்பு பிரித்து வைத்திருக்கிறார்கள். 3 வரை, ஓரளவு பயிற்சி உள்ளவர் நல்ல வழிகாட்டியோடு போகலாம். 4 என்றால் கரையில் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். 5இல் கைதேர்ந்தவர்களைக்கூடக் காப்பாற்றுவது கடினம். 6 நமக்கு வேண்டாம். இந்த எண் நிலையானதல்ல, நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும். தண்ணீர் மிகக் குளிர்ச்சியாக இருந்தாலோ, ஆஸ்பத்திரி வெகு தூரத்தில் இருந்தாலோ ஒரு வகுப்பு கூட்டியே கணக்கிடுவது நல்லது. பனி உருகி வரும் கங்கையில் 3 என்று எழுதியிருந்தால், அதை 4 என்றே படியுங்கள். அங்கும் ஜூலை, ஆகஸ்டு மழையில் ரிஷிகேஷ் ராஃப்டிங்கை நிறுத்திவிடுகிறார்கள்.

நமக்குக் கிட்டத்தில் உள்ளது கோழிக்கோடு பக்கம் கோடஞ்சேரி. சென்ட்ரலில் மங்களூர் மெயில் ஏறினால் மறுநாள் காலையில் கோழிக்கோடு. சாலிப்புழா, இருவஞ்சிப்புழா இரண்டிலும் மழைக்காலத்தில் கயாக் போட்டிகள் நடக்கின்றன, வெளிநாட்டுக்காரர்களும் வருகிறார்கள். இதில் சென்னைக்காரருக்கு ஒரு சிக்கல் உண்டு. ஜூலையில் இங்கே வெயில் கொளுத்துகிறது, தென்மேற்குப் பருவமழை என்பது நமக்கு வெறும் செய்தி. அங்கேயோ மலைமேல் இரண்டு மணி நேரம் கொட்டினால் ஆறு மளமளவென்று ஏறிவிடும். நீங்கள் இறங்கும் இடத்தில் தூறல்கூட இருக்காது. ஆகவே கோடஞ்சேரியில் மழையா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். மேலே மலையில் கடந்த மூன்று நாள் என்ன பெய்தது, வானிலை மையம் அந்த மாவட்டத்துக்கு ஆரஞ்சு கொடுத்திருக்கிறதா, ரெட் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். ஆற்றில் இருக்கும்போது தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாகி, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால் அப்போதே கரையேறிவிட வேண்டும். இன்னும் ஒரு வளைவு போய்ப் பார்ப்போமே என்ற பேச்சே கூடாது.

மகாராஷ்டிரத்தில் கோலாடு பக்கம் ஓடும் குண்டலிகாவின் கதை வேறு. பீரா மின் நிலையத்தில் காலையில் தண்ணீர் விட்டால்தான் அன்று படகு. கர்நாடகத்தில் தண்டேலி பக்கம் ஓடும் காளி நதியும் மேலே உள்ள சூபா அணையை நம்பியது. இங்கே மழையைவிட அணைக்காரர்களின் நேரம் முக்கியம். அதே மதகு ஆளையும் கொல்லும். 2014 ஜூன் 8 அன்று ஹிமாச்சலத்தில் லார்ஜி அணையில் திறந்த தண்ணீர், பியாஸ் நதிப் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஐதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரை அடித்துக்கொண்டு போயிற்று. அணைக்குக் கீழே உள்ள எந்த ஆற்றிலும் எப்போது திறப்பார்கள், எவ்வளவு நேரத்தில் இங்கே வரும் என்று கேட்காமல் கால் வைக்கக் கூடாது.

சரி, இவ்வளவையும் விசாரித்துக்கொண்டு போகிறோம். ஆனாலும் விபத்து ஏன் நடக்கிறது? என் கணிப்பில், 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் யாரும் சொல்வதில்லை. லீவு போட்டாயிற்று, தட்கலில் டிக்கெட் வாங்கியாயிற்று, படகுக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. ஒரு ராத்திரி பயணம் செய்து போய்ச் சேர்ந்தால் ஆறு கரைபுரள்கிறது. அப்போது ஆறு பேரில் ஒருவர் வாய் திறந்தால் அவர் பயந்தாங்கொள்ளி. அதனால் எந்த மட்டத்துக்கு மேல் இறங்க மாட்டோம் என்ற எண்ணைச் சென்னையிலேயே, டிக்கெட் எடுப்பதற்கு முன்பே எல்லோருமாக உட்கார்ந்து எழுதிவிடுங்கள். அந்த ஆற்றை அறிந்த உள்ளூர் வழிகாட்டியைக் கேட்டே அந்த எண்ணை வையுங்கள். கூடவே மாற்று ஏற்பாடு ஒன்றும் இருக்கட்டும், ஒரு நாள் கூடுதலாகவும் வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் யார் ஒருவர் 'இறங்கவில்லை' என்றாலும் காரணம் கேட்பதில்லை என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள்.

ஆற்றில் பயப்பட வேண்டியவை பெரும்பாலும் சத்தம் போடுவதில்லை. பெரிய அலை மிரட்டும், பிறகு கீழே கொண்டுபோய்த் துப்பிவிடும். வெள்ளத்தில் சாய்ந்து கிடக்கும் மரம் அப்படியல்ல, டீ வடிகட்டி மாதிரி தண்ணீரை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொள்ளும். தடுப்பணை இன்னும் மோசம். மேலிருந்து பார்த்தால் நேர்கோடு போட்டது போல அமைதியாக இருக்கும். கீழே விழும் தண்ணீர் கரைக்குக் கரை திரும்பித் திரும்பிச் சுழன்று, விழுந்தவரை வெளியே விடாது. தமிழ்நாட்டில் தடுப்பணை இல்லாத ஆறு அரிது. அது எத்தனை அடி உயரம் என்று பார்க்காதீர்கள், படகைத் தூக்கிக்கொண்டு நடந்து கடந்துவிடுங்கள்.

படகிலிருந்து விழுந்துவிட்டால் மல்லாந்து, கால்களை ஆறு ஓடும் பக்கம் நீட்டி, பாதங்களை மேலே தூக்கி மிதக்க வேண்டும். எழுந்து நிற்கத் தோன்றும், நிற்கவே கூடாது. பாறை இடுக்கில் கால் சிக்கினால் இடுப்பளவு தண்ணீரே ஆளைக் கவிழ்த்து அமுக்கிவிடும்.

லைஃப் ஜாக்கெட்டை வாடகைக்குக் கொடுப்பவர் மாட்டிவிட்டாரே என்று இருந்துவிடாதீர்கள். வார்களை இறுக்கிய பின், நண்பரிடம் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது உங்களுக்கானது இல்லை, வேறு கேளுங்கள். மீட்புக் கயிற்றுப் பை, அதாவது த்ரோ பேக், குழுவில் ஒன்றுக்கு மேல் இருக்கட்டும். அதற்குள் கயிற்றைச் சுருட்டி வைக்கக் கூடாது. பிடிபிடியாகத் திணிக்க வேண்டும், அப்போதுதான் வீசும்போது சிக்காமல் உருவிக்கொண்டு வரும். வீசுவதற்கு முன் "கயிறு!" என்று கத்தி, தண்ணீரில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும். அவர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாமல், தோளுக்கு மேலாக மார்போடு பிடித்துக்கொண்டு மல்லாந்து வர வேண்டும். இதை முட்டுக்காட்டு உப்பங்கழியிலோ நீச்சல் குளத்திலோ சலிக்கும்வரை பழகலாம்.

இன்னொன்று, சைகை. துடுப்பை நட்டுக்குத்தலாகத் தூக்கினால் வா, குறுக்காகப் பிடித்தால் நில். கையால் காட்டும்போது எப்போதும் போக வேண்டிய பக்கத்தையே காட்டுங்கள். ஆபத்தைச் சுட்டிக் காட்டினால் வருகிறவர் நேராக அங்கேயே வருவார்! நீளமாக மூன்று விசில் என்றால் அவசரம்.

கரையேறும் இடத்தை முதலில் போய்ப் பார்த்து, ஒரு வண்டியை அங்கே நிறுத்திவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அந்த வண்டியின் சாவி யாரிடம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது மேலே நிற்கும் வண்டியின் டாஷ்போர்டில் தங்கிவிடுவது அடிக்கடி நடப்பதுதான். நீர் புகாத பையில் போட்டு ஒருவர் பொறுப்பில் விடுங்கள்.

மலைக்குள் டவர் கிடைக்காது, 112ஐ அழைக்கவும் முடியாது. எங்கே இறங்குகிறோம், எங்கே ஏறுகிறோம், எத்தனை பேர், உள்ளூர் வழிகாட்டியின் எண் என்ன, எத்தனை மணிவரை போன் வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். ஆறு மணி என்று எழுதியிருந்தால், கரையேறியதும் டீக்கடைக்குப் போகும் முன் போன் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆறே காலுக்கு அம்மா கேரள போலீஸையே எழுப்பிவிட்டிருப்பார்.

நன்றி, வணக்கம்.