துப்பாக்கி யாருடையது?

நடுவர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு அல்சூர் ஏரிக்கரைக்கு வந்திருக்கும் பெங்களூர்த் தமிழர்களே, வணக்கம்.

ஆயுத இயக்கங்கள் பெண்ணுக்கு அதிகாரம் தந்தனவா, அவளைக் கருவியாக்கினவா என்பது தலைப்பு. "கையில் துப்பாக்கி இருந்ததே, அதைவிட என்ன அதிகாரம்?" என்று கேட்டார் எதிரணித் தலைவி அம்மையார். சரி, அந்தத் துப்பாக்கியின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம்.

சியரா லியோன். 1991இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 2002இல் முடிந்தது. ஆயுதத்தை ஒப்படைத்தால் உதவித்தொகையும் தொழிற்பயிற்சியும் உண்டு என்றார்கள். துப்பாக்கியோடு வரவேண்டும், அதைக் கழற்றி மாட்டிக் காட்டவும் சொன்னார்கள். பெண்களில் சுட்டவர்கள் உண்டு. ஆனால் சோறாக்கியவர்கள், சுமை தூக்கியவர்கள், தளபதிக்குக் கட்டாய 'மனைவி' ஆனவர்கள் எதைக் கழற்றி மாட்டுவார்கள்? கரண்டியையா? சுட்ட பெண்ணிடமும் தளபதி துப்பாக்கியைப் பிடுங்கித் தனக்கு வேண்டியவனிடம் கொடுத்துவிட்டான். உதவி அவனுக்குப் போனது. பதிவான 72,000க்கும் மேற்பட்டவர்களில் வயதுவந்த பெண்கள் 5,000கூட இல்லை.

"அவர்கள் கடத்தப்பட்டவர்கள், விரும்பிச் சேர்ந்தவர்களைச் சொல்லுங்கள்" என்பீர்கள். கொலம்பியாவின் ஃபார்க் கெரில்லா இயக்கத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெண்கள். விரும்பிப் போனவர்கள் ஏராளம். ஆனால் அதன் உச்சத் தலைமையான ஏழு பேர் செயலகத்தில் ஏழு பேரும் ஆண்கள். கருத்தடை கட்டாயம், அதையும் மீறிக் கருவுற்ற பலருக்குக் கட்டாயக் கருக்கலைப்பு. அப்படி ஒரு முன்னாள் போராளியை 2019இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றமே போரால் பாதிக்கப்பட்டவராக ஏற்றது.

பெரு நாட்டின் 'ஒளிரும் பாதை' ஆயுத இயக்கத்தின் மத்தியக் குழுவில் பெண்கள் நிறைய இருந்தார்கள். மறுக்கவில்லை. ஆனால் அங்கே தலைவர் குஸ்மான் ஒருவர் சொன்னதுதான் வேதம்.

பெரு எதற்கு? நம் பச்சைத் தட மெட்ரோவில் கோணனகுண்டே கிராஸ் வருமே! 1991 ஆகஸ்டில் கோணனகுண்டேயில் அதிரடிப்படை சுற்றிவளைத்த வீட்டில் பிணமாகக் கிடந்த எழுவரில் இருவர் பெண்கள். அதில் ஒருவர் சுபா. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்ற மனித வெடிகுண்டு தனு தவறினால் அடுத்தது இவர் என்று தயாராக வைக்கப்பட்டிருந்தவர். ஒரு பெண் போனால் இன்னொரு பெண். கூட்டிப்போன சிவராசனுக்கு அந்த வரிசையில் இடமில்லை, கவனித்தீர்களா?

எதிரணி சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: அந்தக் கொலை வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவர்களில் மூன்றாவது பெயர் ஒரு பெண், புலிகளின் உளவுப்பிரிவைச் சேர்ந்த அகிலா. முதல் பெயர் பிரபாகரன். இரண்டாவது உளவுப்பிரிவுத் தலைவர் பொட்டு அம்மான். அகிலா அவருக்குத் துணை.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, உட்கார்கிறேன்.