பெல்ட்டில் புது ஓட்டை

நேயர்களுக்கு வணக்கம். மயிலாப்பூரில் எங்கள் பக்கத்து வீட்டு மாமாவுக்கு 72 வயது. சர்க்கரை நோய் வந்ததிலிருந்து சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தார். "பெல்ட்டுல புதுசா ரெண்டு ஓட்டை போட்டுட்டேம்மா" என்று பெருமையாகக் காட்டினார். நான் உணவியல் ஆலோசகர், சும்மா இருப்பேனா? "மாமா, கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள்" என்றேன். 12 விநாடிக்குள் முடிய வேண்டும். மூன்றாவது முறையே கை தானாகக் கைப்பிடியைத் தேடியது. முடிக்க 17 விநாடி ஆனது.

எடையோடு சேர்ந்து தசையும் கரைந்திருந்தது. வயதானால் வரும் இந்தத் தசை இழப்புக்கு 1989இல் இர்வின் ரோசன்பர்க் என்ற ஆய்வாளர் 'சார்க்கோபீனியா' என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் சதைப் பஞ்சம் என்று பொருள்.

தசை போனால் கால் தடுமாறும், விழுந்தால் இடுப்பெலும்பு உடையும். இது தெரிந்ததுதான். பலருக்குத் தெரியாதது வேறு. சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை இழுத்து வைத்துக்கொள்வது தசைதான். அது குறைந்தால், கோயம்பேட்டில் லாரி வந்து நிற்க, சரக்கை இறக்கக் கடை இல்லாத கதை. சர்க்கரைக்குப் பயந்து பட்டினி கிடந்தவர், சர்க்கரை போய்த் தங்கும் இடத்தையே காலி செய்துகொண்டிருந்தார்.

அவர் சாப்பாட்டைக் கேட்டேன். காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சாதம், மோர், ராத்திரி கஞ்சி. சாம்பார் உண்டாம். ஆனால் பருப்பு அடியில் கிடக்க, மேலே தெளிந்ததைத்தான் ஊற்றிக்கொள்வார். நம் வீடுகளில் பாதிப் பேர் இப்படித்தான்!

முதியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ இருப்பவருக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். அதனால் ஒரே வேளையில் அடைக்காமல் மூன்று வேளைக்கும் பிரிக்க வேண்டும். மாமா முட்டை தொடமாட்டார். சரி, காலையில் பெசரட்டு, மதியம் கெட்டிப் பருப்பும் தயிரும், மாலையில் சுண்டல், ராத்திரி பனீர் என்று மாற்றினோம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

அப்புறம், தசைக்கு வேலை கொடுக்காமல் தின்றால் மட்டும் போதாது. டிவி சீரியலில் விளம்பரம் வரும்போதெல்லாம் பத்து முறை எழுந்து உட்காரச் சொன்னேன். மாமி எண்ணுகிறார், ஒன்றுகூட விடுவதில்லை.

மூன்று மாதம் கழித்துப் போன வாரம் பார்த்தோம், 13 விநாடி. பெல்ட் மறுபடி பழைய ஓட்டைக்கு வந்ததில் மட்டும் மாமாவுக்குக் கொஞ்சம் வருத்தம்.