கையில் கட்டிய வெள்ளைத் துணி

(‘பிஸ்பி ’17’ ஆவணப்படத் திரையிடலுக்குப் பிறகு பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். விளக்கைப் போட்டதும் உங்கள் முகங்களைத்தான் முதலில் பார்த்தேன். முன்வரிசையில் இரண்டு பேர் கோபமாக இருக்கிறார்கள். “ஆவணப்படம் என்று சொல்லிக் கூப்பிட்டுவிட்டு நாடகத்தைப் போட்டுக் காட்டிவிட்டீர்களே” என்று ஒருவர் வாய்விட்டே சொல்லிவிட்டார். அந்தக் கேள்விக்கு வருகிறேன் சார், தப்பிக்க மாட்டேன். அதற்கு முன்னால், 1917இல் பிஸ்பி என்ற ஊரில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களை ரயிலில் ஏற்றி ஊரைவிட்டே விரட்டிய கதையைக் கொஞ்சம் வரிசைப்படுத்திச் சொல்லிவிடுகிறேன். படம் முன்னும் பின்னுமாகப் போகிறது, முதல் முறை பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும்.

பிஸ்பி என்பது அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் தென்கோடியில் இருக்கும் சின்ன ஊர். காரில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் மெக்சிகோ எல்லை. மலை இடுக்கில் படிப்படியாக வீடுகள். இன்றைக்கு மொத்த ஜனத்தொகையே ஐயாயிரம் சுமார்தான். ஆனால் 1917இல் அது செம்பு கொழித்த ஊர். ஃபெல்ப்ஸ் டாட்ஜ் என்ற கம்பெனிதான் அங்கே எல்லாம். வேறு கம்பெனிகளும் சுரங்கம் நடத்தின, ஆனாலும் ஊரை ஆண்டது இதுதான். சாமான் வாங்குவது அவர்கள் கடையில், வைத்தியம் அவர்கள் ஆஸ்பத்திரியில், காலையில் விரித்துப் படிக்கும் பேப்பரும் அவர்களுடையது. ஊருக்கு வரும் ரயில்கூட அவர்கள் ரயில். இந்த ரயிலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. தோட்டா செய்யச் செம்பு வேண்டும், கம்பி இழுக்கச் செம்பு வேண்டும். விலை எங்கேயோ போய்விட்டது. சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. ஜூன் கடைசியில் ஐ.டபிள்யூ.டபிள்யூ. என்ற தொழிற்சங்கம் கோரிக்கைப் பட்டியலைக் கொடுத்தது. அந்தச் சங்கத்துக்காரர்களை ‘வாப்ளி’ என்பார்கள். அமெரிக்க முதலாளிகளுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே தூக்கம் வராத காலம் அது.

என்ன கேட்டார்கள்? துளை போடும் மிஷினுக்கு ஒரே ஆளை நிறுத்தாதே, இரண்டு பேரைப் போடு. சுரங்கத்துக்குள் இறங்குகிறவனுக்கு நாளுக்கு 6 டாலர், மேலே வேலை செய்கிறவனுக்கு ஐந்தரை டாலர் கொடு. சங்கத்தில் சேர்ந்தவனைப் பழிவாங்காதே. அப்புறம் ஒன்று கேட்டார்கள்: ஷிப்டில் ஆட்கள் உள்ளே இருக்கும்போது வெடி வைக்காதே. இதை ஒரு மனுஷன் கோரிக்கையாக எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

மேலே வேலை செய்கிறவனுக்கு ஐந்தரை டாலர் என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பிஸ்பி தன்னை ‘வெள்ளைக்காரன் முகாம்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஊர். சீனர்கள் காய்கறி விற்க வரலாம், பொழுது சாய்ந்தால் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும். மெக்சிகோக்காரர்களுக்குச் சுரங்கத்துக்குள் நல்ல வேலை கிடையாது. மேலே மண் அள்ளும் வேலை, அதற்கும் குறைந்த கூலி. அந்தக் கூலியை உள்ளே இறங்குகிறவனுக்குப் பக்கத்தில் கொண்டு வந்து வைத்தது இந்தக் கோரிக்கை. மெக்சிகோக்காரர்கள் ஏன் திரண்டு வந்தார்கள் என்பது இதிலேயே தெரிகிறது. கம்பெனிக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் வந்தது என்பதும் தெரிகிறது.

கம்பெனி ஒரு கோரிக்கையைக்கூட ஏற்கவில்லை. மூவாயிரம் பேருக்கு மேல் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஜூலை 11ஆம் தேதி ராத்திரி கம்பெனி ஆட்களும் அந்த வட்டாரத்துப் போலீஸ் தலைவரான ஷெரிஃப் ஹாரி வீலரும் உட்கார்ந்து பேசினார்கள். மறுநாள் விடியற்காலையில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் துப்பாக்கியோடு தெருவில் நின்றார்கள். யார் இவர்கள்? பட்டாளம் கிடையாது. கடைக்காரர், கிளார்க், வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சுரங்கத் தொழிலாளி. அத்தனை பேரையும் ஷெரிஃப் ஒரே ராத்திரியில் துணைப் போலீஸ் ஆக்கிவிட்டார். ஆள் அடையாளம் தெரிய வேண்டுமே, அதற்காக ஆளுக்கொரு வெள்ளைத் துணி கையில். பெண்களும் குழந்தைகளும் தெருவுக்கு வர வேண்டாம் என்று அன்றைய பேப்பரிலேயே அறிவிப்பு. பேப்பர் யாருடையது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

வீடு வீடாகப் போனார்கள். படுக்கையிலிருந்து எழுப்பினார்கள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவனை எழுப்பினார்கள். வேலைநிறுத்தக்காரன் மட்டும் என்றில்லை, அவனுக்குக் கடன் கொடுத்த கடைக்காரன், ஆதரவாகப் பேசியவன் என்று பார்த்துப் பார்த்துப் பிடித்தார்கள். ஜேம்ஸ் ப்ரூ என்ற தொழிலாளி மட்டும் தான் தங்கியிருந்த இடத்தில் சுட்டார். ஆர்சன் மெக்ரே என்ற துணைப் போலீஸ் செத்தார், அடுத்த நொடி ப்ரூவும் செத்தார். அன்றைய சாவு இந்த இரண்டுதான். சிலர் இன்றைக்கும் “இரண்டே பேர்தானே” என்று ஒரு சமாதானம்போலச் சொல்கிறார்கள்.

பிடித்தவர்களை இரண்டு மைல் நடத்தி வாரன் பேஸ்பால் மைதானத்துக்குக் கொண்டு போனார்கள். அங்கே வெயிலில் நிற்க வைத்து ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். “வேலைக்குத் திரும்புகிறேன்” என்று சொல், கையில் வெள்ளைத் துணியைக் கட்டு, வரிசையைவிட்டு வெளியே வா. நம் ஊர் தொழிற்சங்கக்காரர்கள் ‘கருங்காலி’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ஆனால் மலையடிவாரத்தில் வீடு, வீட்டில் பச்சைக் குழந்தை, எதிரே மெஷின் துப்பாக்கி என்று நிற்கிறவனை அந்த வார்த்தை போட்டுத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. சில நூறு பேர் துணியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். கட்டாதவர்கள் 1,186 பேர்.

கம்பெனியின் ரயில் வந்து நின்றது. மாடு ஏற்றும் 23 பெட்டிகள். சிலவற்றில் சாணம் அப்படியே கிடந்தது. ஜூலை மாதம், பாலைவனம். முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் கொண்டு போனார்கள். பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோவில் கொலம்பஸ் என்ற ஊர் “எங்களுக்கு வேண்டாம்” என்று திருப்பியது. கடைசியில் ஹெர்மானாஸ் என்ற இடத்தில் இறக்கிவிட்டு, திரும்பி வந்தால் நடக்கிறதே வேறு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்கள். ராணுவம்தான் சோறு போட்டது, கொலம்பஸ் முகாமில் கூடாரம் போட்டுக் கொடுத்தது. செப்டம்பர் வரை அங்கே கிடந்தார்கள். இதற்குள் பிஸ்பிக்குப் போகும் வழியிலெல்லாம் காவல் போட்டு, ஊருக்குள் வர அனுமதிச் சீட்டு வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள்.

சட்டம் என்ன செய்தது என்பதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது ஒன்றும் செய்யவில்லை. ஜனாதிபதி வில்சன் அனுப்பிய குழு இது முழுக்க முழுக்கச் சட்டவிரோதம் என்றது. 1920இல் உச்ச நீதிமன்றம், இதைத் தண்டிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் இல்லை, மாநிலம் பார்த்துக்கொள்ளட்டும் என்றது. மாநிலம் ஒரே ஒரு ஹார்டுவேர் கடைக்காரரை விசாரித்தது. ஊருக்கு ஆபத்து வந்தது, வேறு வழியில்லாமல் செய்தோம் என்று வாதாடினார்கள், ஜூரி விடுதலை செய்துவிட்டது. கணக்கு முடிந்தது. எந்தச் சட்டத்தின் கீழ் இதைச் செய்தீர்கள் என்று ஷெரிஃபைக் கேட்டபோது, அப்படிச் சட்டம் எதையும் நான் மனதில் வைத்திருக்கவில்லை, நீ அமெரிக்கனா இல்லையா என்பதுதான் கேள்வி என்றார். பெட்டியில் ஏற்றப்பட்டவர்களில் ராணுவத்துக்குப் பெயர் பதிந்தவர்கள் இருந்தார்கள், போர்க் கடன் பத்திரம் வாங்கியவர்கள் இருந்தார்கள்.

இப்போது படத்துக்கு வருகிறேன். பிஸ்பி இதை ஏறக்குறைய நூறு வருஷம் பேசவில்லை. படத்தில் ஒருவர் மாற்றி ஒருவர், எங்கள் வீட்டில் இதைச் சொன்னதே இல்லை என்கிறார்கள். ஊரே மறந்துவிட்டது என்று இதைச் சுலபமாக எழுதிவிடுகிறார்கள் விமர்சகர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கொஞ்சம் கணக்குப் போடுங்கள். அன்றைக்கு அநியாயம் என்று சொல்லக்கூடியவன் எல்லாம் ரயிலில் போய்விட்டான். வெகு சிலர்தான் திரும்பி வந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் யார்? துப்பாக்கி பிடித்தவன், துணி கட்டிக்கொண்டு வெளியே வந்தவன், ஜன்னலைச் சாத்திக்கொண்டவன். அந்த மூன்று பேருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் அந்த ஊர். மூன்று வீட்டிலும் இந்தக் கதையைச் சாப்பாட்டு நேரத்தில் எடுக்க முடியாது. போதாததற்கு எல்லோருக்கும் சம்பளம் போட்டது அதே கம்பெனி.

1975இல் சுரங்கம் மூடியது. வீடுகள் அடிமாட்டு விலைக்கு வந்தன. வெளியூரிலிருந்து ஓவியர்கள், ஹிப்பிகள் என்று வந்து வாங்கிக் குடியேறினார்கள். அந்த ஊரில் தாத்தா பாட்டி இல்லாதவர்கள் அவர்கள். யாரைப் பற்றிக் கேட்டால் யாருக்கு வலிக்கும் என்று தெரியாது. அதனால்தான் கேட்டார்கள். படத்தை எடுத்த ராபர்ட் கிரீனும் வெளியூர்க்காரர்தான்.

அவர் செய்த காரியம்தான் உங்கள் கோபத்துக்குக் காரணம். 2017 ஜூலை 12, சரியாக நூறாவது ஆண்டு. ஊர்க்காரர்களையே கூப்பிட்டு அன்றைக்கு நடந்ததை அதே தெருவில், அதே மைதானத்தில் நடித்துக் காட்டச் சொன்னார். படத்தின் கருவே அதுதான். நம்மிடம் தெருக்கூத்து இருக்கிறது, படுகளம் இருக்கிறது. பதினெட்டாம் நாள் ஊர்ப் பொட்டலில் துரியோதனன் மண்ணுருவமாகக் கிடக்கும்போது யாரும் அதை நாடகம் என்று தள்ளி நின்று பார்ப்பதில்லை. எனக்கு அதனால் இது அந்நியமாகவே படவில்லை.

பாத்திரங்களை யாருக்குக் கொடுத்தார் என்று கவனித்தீர்களா? தாத்தா செய்தது சரிதான் என்று நம்புகிற குடும்பத்துக்காரர்களைத் துணைப் போலீசாக நிறுத்தினார். அந்த வீட்டில் அன்று ஒரு சகோதரன் இன்னொரு சகோதரனைத் துப்பாக்கி முனையில் பிடித்துக் கொடுத்திருக்கிறான். அவர்கள் வழியில் வந்த இரண்டு சகோதரர்கள் இப்போது அதை நடிக்கிறார்கள். கம்பெனி பக்கம் பேசுகிறவரையும் படம் கிண்டல் செய்யவில்லை. நிதானமாகப் பேச விடுகிறது. அவர் பேச்சு நியாயமாகவே ஒலிக்கிறது, அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

எனக்கு ஒரு குறை உண்டு. படம் ரொம்ப அழகாக இருக்கிறது. அந்த வெயில், அந்தத் தூசி, அந்த இசை. துப்பாக்கியோடு வரிசையாக நடக்கிறவர்களைப் பார்க்கும்போது ஒரு கணம் ‘நல்ல ஷாட்’ என்று மனசு சொல்லிவிட்டது, வெட்கமாக இருந்தது. கொலம்பஸ் கூடார வாழ்க்கையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம். ரயிலோடு போனவர்கள் கதை படத்திலும் ரயிலோடுதான் போகிறது.

ஆனால் அந்த மெக்சிகோ வம்சத்துப் பையன் இருக்கிறானே. பிஸ்பியிலேயே வளர்ந்தவன், 1917 பற்றி ஒன்றும் தெரியாது. ஆரம்பத்தில் ஒத்திகைக்கு வந்து நிற்கும்போது விளையாட்டாகத்தான் இருக்கிறான். போகப் போகத் தன் கதையைச் சொல்கிறான். இவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இவன் அம்மாவை நாடு கடத்தியிருக்கிறார்கள், நம் காலத்தில், முறைப்படி. அந்தப் பையனுக்கு ரயிலில் ஏற்றப்படும் தொழிலாளி வேஷம்.

முன்வரிசை சார், நாடகமா ஆவணப்படமா என்று கேட்டீர்கள். துப்பாக்கிக்காரர்கள் நடுவே அவன் நடந்து வரும்போது முகத்தைப் பார்த்தீர்களே, நீங்களே சொல்லுங்கள். இங்கே முடியாது, வாட்ச்மேன் சாவியோடு நிற்கிறார். கீழே டீக்கடையில் இருப்பேன்.