ஒன்றரை நிமிடச் சுருள்

நண்பர்களே, ஐமாக்ஸ் என்னும் மாபெரும் திரையின் முன் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்: திரையில் விமானம் சரிந்தால் நம் அடிவயிறும் சரியும். அப்படிப்பட்ட படங்களை எடுத்தவர்களைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன்.

கிரெக் மெக்கில்லிவ்ரே கலிஃபோர்னியாவில் அலைச்சறுக்குப் படங்கள் எடுத்துத் தொழில் பழகியவர். நண்பர் ஜிம் ஃப்ரீமனுடன் சேர்ந்து எடுத்த 'டு ஃப்ளை!' என்ற ஐமாக்ஸ் படம் 1976 ஜூலையில் வாஷிங்டன் விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் திரையிடப்பட்டது. அதைப் பார்க்க ஃப்ரீமன் இல்லை; அதற்குச் சற்று முன்புதான் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்திருந்தார். அதன் பிறகு எத்தனையோ படங்கள் வந்துவிட்டன. இருவரின் பட நிறுவனத்தின் பெயரில் ஃப்ரீமன் இன்றும் இருக்கிறார். மெக்கில்லிவ்ரே மீது எனக்குத் தனி மரியாதை பிறந்தது இதனால்தான்.

ஐமாக்ஸ் கேமராவின் பசி பெரிது. 70 மி.மீ. படச்சுருள் படுக்கைவாட்டில் ஓடும்; ஒவ்வொரு படச்சட்டத்துக்கும் சுருளின் ஓரத்தில் உள்ள 15 துளைகள் நகரும். நிமிடத்துக்கு 100 மீட்டருக்கும் மேல் தின்றுவிடும். 500 அடி (சுமார் 150 மீட்டர்) சுருள் ஒன்றரை நிமிடத்தில் தீர்ந்துபோகும். எதைப் படம்பிடிப்பது என்று பொத்தானைத் தொடுவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

1996-இல் இந்தக் கேமராவைத்தான் மலையேறியும் படப்பிடிப்பாளருமான டேவிட் பிரஷியர்ஸ் எவரெஸ்டுக்குக் கொண்டுபோனார். எடையைக் குறைத்துச் செய்தும் அது கனமாகவே இருந்தது. அதைச் சுமந்து ஏற்றியவர்கள் ஷெர்பாக்கள். சுருள் கோக்கத் தடித்த கையுறை உதவாது. அந்தக் குளிரில் வெறும் விரல்களால் கோக்க வேண்டும்.

மே 10-ஆம் தேதி மலையைப் புயல் சூழ்ந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். பிரஷியர்ஸ் குழு தன் உச்சிப் பயணத்துக்காக மேல் முகாமில் ஆக்சிஜன் உருளைகளைச் சேர்த்து வைத்திருந்தது. அவை போய்விட்டால் படம் நின்றுபோகலாம். ஆனாலும், உயிருக்குப் போராடியவர்களுக்காக அவற்றை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் பிரஷியர்ஸ். குழுவினர் படப்பிடிப்பை நிறுத்திவிட்டு மீட்புப் பணிக்கு மேலே போனார்கள். இந்தத் துறையில் நான் மிக உயர்வாக மதிக்கும் செயல் இது. அவர்கள் எடுத்த எந்தக் காட்சியையும்விட உயர்வாக.

பிறகு அடிவாரம் இறங்கி, துக்கத்தோடு யோசித்து, மீண்டும் ஏறினார்கள். மே 23 அன்று, டென்சிங் நார்கேயின் மகன் ஜம்லிங் தன் தந்தை நின்ற உச்சியில் நின்றார். கேமராவும் அங்கே வந்து சேர்ந்திருந்தது.