ஆடின கால் சும்மா இருக்காது, ஆனால் சைக்கிளை எங்கே விடுகிறது?

(திருகோணமலையில் முதியோர் தினக் கூட்டத்தில் பேசியது. மேடையில் நேரம் போதாமல் விழுங்கிய சிலதையும் எழுதும்போது சேர்த்துவிட்டேன்.)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, ஆசியுரை வழங்கிய சிவாச்சாரியார் அவர்களே, அருட்தந்தை அவர்களே, மௌலவி அவர்களே, வணக்கத்துக்குரிய தேரர் அவர்களே, எங்கள் பிறஷரையும் சீனியையும் எங்களை விட வடிவாகத் தெரிந்து வைத்திருக்கிற டொக்டர் அம்மா அவர்களே, மண்டபத்தைத் தந்துதவிய அதிபர் அவர்களே, இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் ஓடி வந்திருக்கும் சமூக சேவை உத்தியோகத்தர் அவர்களே, முன்வரிசையில் இருக்கிற சபை உறுப்பினர் அவர்களே (உங்களிடம் எனக்கு ஒரு அலுவல் இருக்கிறது, தயவுசெய்து இடையில் எழும்பிப் போய்விடாதீர்கள்), மாலை கட்டித் தந்த அக்காமார், ஒலிபெருக்கித் தம்பி, ஐயாமார், அம்மாமார் எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் கோவிக்க வேண்டாம், பட்டியல் எழுதின துண்டு மற்றச் சட்டையில் கிடக்கிறது.

ஒக்டோபர் 1ஆம் திகதி எங்கள் நாட்டில் சிறுவர் தினமும் முதியோர் தினமும் ஒன்றாக வருகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு ஓட்டப்போட்டியும் ஐஸ்கிறீமும், எங்களுக்குப் பொன்னாடையும் பேச்சும். எனக்கு அந்த ஓட்டப்போட்டி மேலே தான் கண். 2012 குடிசன மதிப்பீட்டிலேயே 60 வயது தாண்டினவர்கள் நாட்டில் 12.4 வீதம், அதற்குப் பிறகு நாங்கள் கூடியிருக்கிறோமே தவிரக் குறையவில்லை. இத்தனை பேரையும் கதிரையில் இருத்தி வைத்துக்கொண்டு எந்த ஆஸ்பத்திரி தாங்கும், சொல்லுங்கள்.

எனக்குத் தந்த தலைப்பு ‘முதுமையில் ஆரோக்கியம்’. ஐந்து விஷயம் சொல்லப்போகிறேன்: கால், மூச்சு, சாப்பாடு, நித்திரை, கூட்டாளிகள். தலைவர் இருபது நிமிடம் தந்திருக்கிறார். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். வாய் விஷயத்தில் அது உண்மை என்று இந்தச் சங்கத்துக்கு நான் ஏற்கெனவே காட்டிவிட்டேன், இன்றைக்குக் காலைப் பற்றிப் பேசுவோம்.

முப்பது வயது தாண்டினால் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையத் தொடங்குகிறது, அறுபதுக்குப் பிறகு அந்த வேகம் கூடுகிறது. கதிரையில் இருந்து எழும்பும்போது கையை ஊன்றுகிறீர்களே, அது முழங்காலின் குற்றம் மட்டுமில்லை, தொடைத் தசை மெலிந்து போனதும் தான். சைக்கிள் வேலை வாங்குகிறது அந்தத் தொடையைத் தான். ஆனால் உடம்பின் பாரத்தைச் சீற் தாங்குவதால், நடக்கும்போதும் படி ஏறும்போதும் முழங்காலில் விழுகிற அடி இதில் விழாது. அதனால் தான் மூட்டுத் தேய்வு உள்ளவர்களுக்குக்கூடச் சைக்கிளைப் பரிந்துரைக்கிறார்கள். ஒன்றை மறைக்கக்கூடாது, பாரம் விழாதபடியால் எலும்புக்குச் சைக்கிளால் பெரிய நன்மை இல்லை. எலும்புக்கு நடக்க வேண்டும், கொஞ்சம் பாரம் தூக்க வேண்டும். டச்சுக்குடாக் கடற்கரையில் பின்னேரம் ஒரு நடை நடந்தால் அது சரி. உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு, வயது போனவர்களுக்கும் கிழமைக்கு 150 தொடக்கம் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. அதாவது குறைந்தது ஐந்து நாளைக்கு அரை அரை மணித்தியாலம். திருஞானசம்பந்தர் வீதியில் இருக்கிறவர் உப்புவெளி வரைக்கும் ஆறுதலாக மிதித்துவிட்டுத் திரும்பினால் அன்றைய கணக்கு முடிந்தது.

இதையெல்லாம் வெள்ளைக்காரன் செய்வான், எங்களால் ஏலாது என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுக்கிறது கேட்கிறது. வெள்ளைக்காரன் கதையையே சொல்கிறேன். பிரான்சில் றொபேர் மார்ஷான் என்று ஒருவர், 1911இல் பிறந்தவர். தீயணைப்பு வீரராகவும் லொறிச் சாரதியாகவும் இருந்தவர். 2017 ஜனவரியில், 105 வயதில், ஒரு மணித்தியாலத்தில் 22.5 கிலோமீற்றருக்கு மேல் மிதித்தார். அவரைச் சோதித்த விஞ்ஞானிகள், 101 வயதில் இருந்ததை விட 103 வயதில் அவருடைய உடம்பு எடுத்துப் பாவிக்கக்கூடிய ஒட்சிசனின் அளவு 13 வீதம் கூடியிருந்ததைக் கண்டார்கள். நூறு வயதுக்குப் பிறகு கூடியிருக்கிறது, கவனியுங்கள். 2021இல் 109 வயதில் காலமானார். இங்கிலாந்திலும் 55 தொடக்கம் 79 வயதான 125 சைக்கிள்காரரைச் சோதித்து 2018இல் எழுதியிருக்கிறார்கள், தசை வயதோடு பெரிதாக மெலியவில்லையாம், நோய் எதிர்ப்புச் சக்தி உடற்பயிற்சி செய்யாத ஒரே வயதுக்காரரை விட நன்றாக இருந்ததாம். அவர்கள் நீண்டகாலம் மிதிப்பவர்கள், நாளைக்கு ஏறி நாளன்றைக்கு அப்படி வராது. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பதை அவர்கள் ஆய்வு செய்து சொல்கிறார்கள், நாங்கள் ஆய்வு இல்லாமலே சொல்லி வைத்தோம்.

சரி, மார்ஷானை விடுங்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியப்பா இருக்கிறார். எல்லோரும் சைக்கிள் பெரியப்பா என்று தான் கூப்பிடுவோம். எழுபது தாண்டி எத்தனையோ வருடம். ஓவசியராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் அடிக்கணக்கில் அளந்து தான் கதைப்பார். அவரிடம் ஒரு கறுப்பு ரலி சைக்கிள், டைனமோ, கரியரில் குறுக்காகக் கட்டின குடை, சீற்றுக்கு மேலே கிழிஞ்சதை மறைக்க ஒரு ஷொப்பிங் பேக். மகள் கனடாவில் இருந்து ஹெல்மெட் அனுப்பினா, அது இப்போது முட்டை வாங்கப் போகிறது. ‘அப்பா, ஓட்டோ பிடிச்சுப் போங்கோ, காசு அனுப்புறன்’ என்று மகள் சொன்னால், ‘ஓட்டோவிலை போனால் எனக்கு எதிரிலை வாற சனத்தோடை கதைக்க ஏலாது பிள்ளை’ என்பார்.

ஒரு நாள் உயிர்வாழ் சான்றிதழ் அலுவலாக ஒரு கந்தோருக்குப் போயிருக்கிறார். எந்தக் கந்தோர் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். பென்சன்காரருக்குத் தெரியும், உயிரோடு இருக்கிறோம் என்று வருடா வருடம் கடதாசியில் காட்ட வேண்டும். வாசலில் சைக்கிளைச் சாத்தினார். காவலாளி வந்து, ‘ஐயா, இதிலை விடேலாது, சேர் கார் எடுக்க வேணும்’ என்றான். சரி தம்பி என்று மதிலோரம் கொண்டுபோய்ச் சாத்தினார். ‘ஐயா, அந்த மதிலுக்கு இப்பத்தான் பெயின்ற் அடிச்சது.’ சரி என்று மரத்துக்குக் கீழே கொண்டுபோனார். மரத்துக்குக் கீழே மோட்டார் சைக்கிள்கள், ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு. ஒரு இடைவெளி கண்டு நுழைத்தார். ஒரு பொடியன் வந்து தன்னுடைய மோட்டார் சைக்கிளை இழுக்க, பெரியப்பாவின் ரலி படுத்துவிட்டது. மட்கார்ட் நெளிந்து போனது. பொடியன் நல்ல பிள்ளை தான், தூக்கி நிமிர்த்திவிட்டு, ‘அங்கிள், ரோட்டுக்கு அங்காலை விடுங்கோவன்’ என்று சொன்னான். ரோட்டுக்கு அங்கால் பார்த்தால் வாய்க்கால். வாய்க்காலுக்கு மேலே ஒரு கடை. கடைக்காரர், ‘அண்ணை, வியாபாரத்துக்கு மறைக்குது’ என்றார்.

பெரியப்பா என்ன செய்தார் தெரியுமா? நிதானமாக டைனமோவைத் தட்டி விலக்கினார், குடையைச் சரியாகக் கட்டினார், சைக்கிளை உருட்டிக்கொண்டு நேரே கந்தோருக்குள்ளே போனார். இரண்டு படி, படிக்குப் படி தூக்கி வைத்திருக்கிறார். உள்ளே வரிசை. வரிசையில் நின்றார், சைக்கிளும் பக்கத்தில் நின்றது. பின்னால் வந்த ஒரு அம்மா சைக்கிளுக்குப் பின்னால் நின்றா, எதற்கு நிற்கிறோம் என்று அவவுக்குத் தெரியாது. வரிசை நகர நகர மணியை ஒருமுறை அடித்துவிட்டு உருட்டினாராம். கடைசியில் முன்னுக்கு வந்தார். மேசையில் இருந்த பிள்ளை தலையை நிமிர்த்தாமலே, ‘எத்தினை பேர் ஐயா?’ என்று கேட்க, பெரியப்பா சொன்னார்: ‘நாங்கள் ரெண்டு பேர் பிள்ளை. நான் உயிரோடை இருக்கிறன், இவரும் இருக்கிறார். ரெண்டு பேருக்கும் துண்டு தாங்கோ, இவரை வெளியிலை விட்டால் சாகடிச்சுப் போடுவாங்கள்.’

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். சபை உறுப்பினரும் சிரிக்கிறார், சந்தோசம். இப்போது அலுவலுக்கு வருகிறேன்.

அதற்குப் பிறகு பெரியப்பா அந்தப் பக்கம் சைக்கிளில் போவதில்லை. ஓட்டோவில் போகிறார். நான் சொல்ல வந்தது இது தான். வயது போனவன் சைக்கிளைக் கைவிடுகிறது முழங்கால் ஏலாமல் என்று டொக்டர்மார் நினைக்கிறார்கள், பயத்தில் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். நான் விசாரித்த ஆட்களில் பாதிக்கு மேல் சொன்னது, போன இடத்தில் விட இடமில்லை என்று தான். கிளினிக்குக்குப் போனால் வெயிலில் விட வேண்டும், பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்து சீற்றில் இருந்து பாருங்கள் தெரியும். மீன் வாங்கப் போனால் மீனைப் பார்க்கிறதா, சைக்கிளைப் பார்க்கிறதா? காருக்குக் கோடு போட்டு இடம் இருக்கிறது, மோட்டார் சைக்கிளுக்கு இருக்கிறது, ஒரு கார் நிற்கிற இடத்தில் எட்டுப் பத்துச் சைக்கிள் நிற்கும், ஆனால் அந்த ஒரு கார் இடம் எங்களுக்கு இல்லை. 2022இல் பெற்றோல் இல்லாமல், மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று கியூஆர் காட்டி வரிசையில் நின்றபோது, பரணில் கிடந்த சைக்கிளை எல்லாம் இறக்கினோம். அப்போதும் தரிப்பிடம் கட்டவில்லை. பெற்றோல் வந்தது, சைக்கிள் திரும்பவும் பரணுக்குப் போய்விட்டது.

நாங்கள் கேட்பது பெரிய வேலை இல்லை. இரண்டு அங்குல ஜீ.ஐ. குழாயை, அதாவது துருப்பிடிக்காமல் நாகம் பூசின இரும்புக் குழாயை, கவிழ்த்த ப மாதிரி வளைத்து, இடுப்பளவு உயரத்தில் சீமெந்தில் நட வேண்டும். சைக்கிளின் உடம்புப் பாரையே அதில் பூட்டலாம். முன்சில்லை மட்டும் செருகுகிற கம்பித் தட்டு வேண்டாம், அது ரிம்மை நெளிக்கும். உப்புக் காற்று ஊர் இது, கறுத்த இரும்பு போட்டால் இரண்டு மாரி தாங்காது. மேலே தகரம், நிழலுக்கு. கிளினிக், தபால் கந்தோர், சந்தை, பஸ் நிலையம், நாலு இடம். இவ்வளவு தான்.

தலைவர் துண்டு அனுப்பியிருக்கிறார். சாப்பாடு பற்றிச் சொல்லவில்லை என்கிறார். சுருக்கமாகச் சொல்கிறேன். சோற்றுக் கோப்பையில் பாதிக்குக் கீரையும் மரக்கறியும் வையுங்கள், கருவாட்டைக் குறையுங்கள், ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள்ளே, அது ஒரு தேக்கரண்டி. பிளேன்டீக்குச் சீனியை நிறுத்திவிட்டு, கடையில் இருந்து பணிஸ் வாங்கிச் சாப்பிட்டால் கணக்குச் சரிவராது. நித்திரைக்கு, பகலில் உடம்பு களைக்க வேண்டும், மிதித்தால் களைக்கும். கூட்டாளிகள் விஷயம் அடுத்த வருடம்.

சைக்கிள் ஏறப் போகிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம். ஆண்கள் வெட்கப்படாமல் லேடீஸ் சைக்கிள் எடுங்கள். எங்கள் வயதில் விழுகிறது ஓடும்போது மட்டுமில்லை, பின்பக்கத்தால் காலைத் தூக்கிப் போடும்போதும் தான். ஓய்வு பெற்ற ரீச்சர்மார் சாரியோடு ஏறி இறங்குகிறார்கள், அவர்களைப் பார்த்துப் படியுங்கள். சீற்றைக் கொஞ்சம் பதித்து வையுங்கள், நின்றால் பாதம் நிலத்தில் படவேண்டும். சீனி வருத்தத்துக்கு ஊசியோ குளிசையோ எடுக்கிறவர்கள் பொக்கெற்றில் இரண்டு ரொபி வைத்துக்கொள்ளுங்கள், ரப்பர் செருப்போடு மிதிக்க வேண்டாம், கால் மரத்திருந்தால் காயம் தெரியாது. நெஞ்சு இறுக்கினாலோ தலை சுற்றினாலோ உடனே இறங்கி உட்காருங்கள், வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று மிதிக்காதீர்கள். தொடங்க முதல் ஒருக்கால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைப் பக்கம் போய்ப் பிறஷரையும் சீனியையும் பாருங்கள், டொக்டர் அம்மா தலையாட்டுகிறா.

நேரம், விடியப் பொழுது. கோட்டைப் பக்கம் போகிறவர்கள் லைற் போடுங்கள், மான் ரோட்டில் படுத்திருக்கும், எங்களைக் கண்டு எழும்பாது. கோணேசர் கோயில் ஏற்றத்தில் இறங்கி உருட்டுங்கள், அவர் கோவிக்க மாட்டார். மேற்கில் இருந்து அடிக்கிற கச்சான் காற்றுக் காலத்தில் கன்னியாப் பக்கம் போனால் போகும்போது நெஞ்சில் அறையும், திரும்பி வரும்போது முதுகில் தள்ளும். அதனால் களைப்பு வரமுதல் திரும்பத் தேவையில்லை. நிலாவெளி வீதியில் அப்படி இல்லை, அங்கே பாதிப் பலம் இருக்கும்போதே திரும்ப வேண்டும்.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது, மணி அடித்துவிட்டார்கள், முடிக்கிறேன். பின்வாசல் மேசையில் தரிப்பிடம் கேட்டு ஒரு மனு இருக்கிறது. தமிழிலும் சிங்களத்திலும் இருக்கிறது. கண்ணாடி கொண்டு வராதவர்களுக்கு ஒலிபெருக்கித் தம்பி வாசித்துக் காட்டுவான். சபை உறுப்பினர் முதல் கையெழுத்தைப் போட்டால் நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்போம். தயவுசெய்து கையெழுத்தை வடை சாப்பிட முதல் போடுங்கள், போனமுறை தெருவிளக்கு மனுவில் எண்ணெய் பட்டு முப்பது பேரின் பெயரை வாசிக்க ஏலாமல் போய்விட்டது.